கையில் எட்டு டாலர்

அறுபது ரூபாயுடன் அமெரிக்கா போய் இறங்க முடியுமா? இதென்ன வேடிக்கையான கேள்வி என்று நினைக்கிறீர்களா? 1960களின் இறுதியிலும் 1970களிலும் மேற்படிப்புக்காக அமெரிக்கா சென்ற இந்திய மாணவர்களைக் கேட்டுப் பாருங்கள். அவர்களுள் பலர் எட்டே எட்டு டாலரைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு விமானம் ஏறியவர்கள். 1966 ஜூன் மாதம் முதல் 1971 வரை டாலரின் அரசாங்க விலை ஏழரை ரூபாய். அப்படியானால் எட்டு டாலர் என்பது சரியாக அறுபது ரூபாய்.

அவர்களிடம் வேறு பணமே இல்லை என்பதல்ல. தகப்பனார் நிலத்தை விற்றுப் பத்தாயிரம் ரூபாய் ரொக்கமாக வைத்திருந்திருக்கலாம். அந்தப் பத்தாயிரத்தையும் வங்கியில் கொண்டுபோய்க் கொட்டினாலும் ஒன்பதாவது டாலர் கிடைக்காது. ரூபாய் இருந்தது, டாலர் இல்லை. சொந்தப் பணத்தை மாற்றிக்கொள்ள ஏன் இவ்வளவு தடை? இந்தத் தடை எப்போது வந்தது? எப்படி விலகியது? இந்தக் கட்டுரையில் அதைத்தான் பார்க்கப் போகிறோம். இது வங்கிக்காரர்கள் மட்டும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை அல்ல. ஒரு நாட்டின் பெட்ரோல், மருந்து, ஆய்வகக் கருவி, மாணவனின் படிப்பு ஆகிய எல்லாம் இதில் பின்னிக் கிடக்கின்றன.

ரூபாய் கடல் தாண்டுமா?

முதலில் ஓர் அடிப்படை உண்மையை மனத்தில் கொள்ளுங்கள். நூறு ரூபாய் நோட்டு என்பது என்ன? இந்தியாவில் கிடைக்கும் பொருளையோ உழைப்பையோ நூறு ரூபாய் அளவுக்குப் பெற்றுக்கொள்ளலாம் என்னும் உரிமைச் சீட்டு. அவ்வளவுதான். லண்டனில் ஒரு தேநீர்க் கடைக்காரரிடம் அதை நீட்டினால் அவர் என்ன செய்வார்? இந்தியத் தேயிலையோ துணியோ வாங்க விரும்பும் ஒருவரைத் தேடிப் பிடித்து, அவரிடம் அந்த நோட்டைக் கொடுத்து, பவுன் வாங்கிக்கொள்ள வேண்டும். அப்படி ஒருவர் இல்லாவிட்டால் அது அவருக்கு வெறும் காகிதமே.

ஆகவே, ஒரு நாட்டுக்கு டாலரோ பவுனோ வேண்டுமானால், வெளியே எதையாவது விற்றாக வேண்டும். அல்லது வெளியே வேலை செய்யும் தன் மக்கள் அனுப்ப வேண்டும். அல்லது கடனாகவோ முதலீடாகவோ வர வேண்டும். நான்காவது வழி கிடையாது. ரூபாயை நாசிக்கில் அச்சிடலாம். டாலரை அச்சிட முடியாது.

இதை ஓர் ஏரியாக எண்ணிப் பாருங்கள். ஏற்றுமதி, வெளிநாட்டில் உழைப்போர் அனுப்பும் பணம், கடனும் முதலீடும் ஆகியவை நீர் கொண்டுவரும் வாய்க்கால்கள். கச்சா எண்ணெய், இயந்திரம், தானியம், பழைய கடனுக்கு வட்டி ஆகியவை நீர் வெளியேறும் மதகுகள். வெளிநாட்டுப் பயணமும் ஒரு சிறிய மதகு. வரத்தைவிடப் போக்கு அதிகமானால் நீர்மட்டம் இறங்கும். இயற்பியலில் வரும் அழிவின்மை விதிகளைப் போலவே இந்தக் கணக்கிலும் சலுகைக்கு இடமில்லை. இந்த ஏரி நீருக்குத்தான் அன்னியச் செலாவணி என்று பெயர்.

உண்டியலும் பயணக் காசோலையும்

ஏரியில் நீர் நிறைந்திருந்த காலத்திலும் பயணிக்கு வேறொரு கவலை இருந்தது. பணத்தைப் பத்திரமாக எப்படிக் கொண்டு போவது? மூட்டையில் வெள்ளிக் காசு கட்டிக்கொண்டு போனால் திருடனுக்குக் கொண்டாட்டம். இதற்கு வணிகர்கள் கண்ட வழி கடிதம். நம் நாட்டில் அதற்கு உண்டியல் என்று பெயர். ஓர் ஊரில் பணத்தைக் கட்டிவிட்டுச் சீட்டு வாங்கிக்கொண்டால், வேறோர் ஊரில் அச்சீட்டைக் காட்டிப் பணம் பெறலாம். பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் கடை வைத்திருந்த நாட்டுக்கோட்டை நகரத்தார் இந்த உண்டியல்களால் கடலுக்கு இருபுறமும் பணத்தை நகர்த்தினார்கள். கண்டவுடன் பணம் தர வேண்டியது தரிசன உண்டியல். குறித்த நாளில் தர வேண்டியது தவணை உண்டியல். காசு கப்பல் ஏறவில்லை, நம்பிக்கைதான் ஏறியது.

ஐரோப்பாவில் ராபர்ட் ஹெரிஸ் என்னும் வங்கியாளர் 1772இல் லண்டனிலிருந்து சுற்றுச் சீட்டு என்ற முறையைத் தொடங்கினார். பல நகரங்களில் ஒரே சீட்டைக் காட்டிப் பணம் வாங்கலாம். பயண ஏற்பாட்டில் புகழ்பெற்ற தாமஸ் குக் நிறுவனமும் 1870களில் இத்தகைய சீட்டுகளை வழங்கியது. ஆயினும் பெரிய நகரங்களைத் தாண்டிவிட்டால் கடன் கடிதத்துக்கு மதிப்புக் குறைவு. அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நிறுவனத்தின் தலைவர் ஜே. சி. ஃபார்கோ 1890இல் ஐரோப்பா சென்றபோது இந்தத் தொல்லையை நேரில் அனுபவித்தார். அவ்வளவு பெரிய மனிதரின் கடிதத்துக்கே சிற்றூர்களில் பணம் பெயரவில்லை. திரும்பி வந்ததும் தம் ஊழியர் மார்செல்லஸ் பெர்ரியிடம் இதற்கு ஒரு வழி காணச் சொன்னார். 1891இல் பயணக் காசோலை பிறந்தது.

அதன் தத்துவம் எளிமையானது. காசோலையை வாங்கும்போது ஒரு கையெழுத்து. பணமாக்கும்போது, கொடுப்பவர் கண்ணெதிரில் இன்னொரு கையெழுத்து. இரண்டும் ஒத்திருந்தால் ஆள் சரியானவர். தொலைந்துபோனால் மாற்றுக் காசோலை கிடைக்கும். கம்பியும் கணிப்பொறியும் இல்லாமலே அடையாளத்தைச் சோதிக்கும் ஏற்பாடு இது. அட்டைகள் வந்து அதை ஓரங்கட்டும் வரை ஏறத்தாழ நூறு ஆண்டுக் காலம் பயணிகளுக்கு அதுவே துணை.

இராமானுஜன் காலத்துப் பதினைந்து ரூபாய்

1914 மார்ச் 17ஆம் நாள் சீனிவாச இராமானுஜன் 'நெவாசா' என்னும் கப்பலில் சென்னையிலிருந்து இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகை அளித்தது. அக்காலத்தில் ஒரு ரூபாய்க்கு ஒரு ஷில்லிங் நான்கு பென்ஸ். ஒரு பவுனுக்கு 240 பென்ஸ். ஆகவே ஒரு பவுன் சரியாகப் பதினைந்து ரூபாய். 250 பவுனுக்கு 3,750 ரூபாய். இந்த ரூபாயைப் பவுனாக மாற்ற எந்த அலுவலகத்திலும் மனுப் போட வேண்டியிருக்கவில்லை. வங்கியில் ரூபாயைக் கட்டினால் பவுனுக்குச் சீட்டு எழுதிக் கொடுப்பார்கள்.

1930ஆம் ஆண்டிலும் நிலைமை இதுவே. அவ்வாண்டில்தான் சந்திரசேகர் கேம்பிரிட்ஜுக்குக் கப்பல் ஏறினார், சி. வி. இராமன் நோபல் பரிசு பெற ஸ்டாக்ஹோம் சென்றார். 1927ஆம் ஆண்டுச் சட்டப்படி ரூபாயின் மதிப்பு ஒரு ஷில்லிங் ஆறு பென்ஸ் ஆகியிருந்தது. பவுனின் விலை 13 ரூபாய் 5 அணா 4 பை. விலை மாறியதே தவிர, தடை ஏதும் இல்லை.

'அடடா, அது பொற்காலம்!' என்று சொல்லிவிடாதீர்கள். சணல், பருத்தி, தேயிலை, தோல் என்று இந்தியா வாங்கியதைவிட விற்றது அதிகம். அதனால் ஏரியில் நீர் இருந்தது. ஆனால் மதகின் திறவுகோல் லண்டனில் இருந்தது. ரூபாயின் மதிப்பை எவ்வளவு வைப்பது என்று முடிவு செய்ததும் அங்கேதான். மேலும், கடல் கடந்து போகும் வசதியுள்ளவர் எத்தனை பேர்? மாற்றிக்கொள்ளும் உரிமை எல்லாருக்கும் இருந்தது. மாற்றுவதற்கு ரூபாய்தான் இல்லை.

போர் போட்ட பூட்டு

பூட்டுகள் முதலில் ஐரோப்பாவில் விழுந்தன. 1931 ஜூலையில் ஜெர்மனியின் வங்கிகள் ஆட்டம் கண்டபோது, அந்நாடு செலாவணிக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தது. நெருக்கடிக்காகப் போட்ட பூட்டு, இட்லர் ஆட்சியில் கொடுங்கருவியாக மாறியது. நாட்டை விட்டு ஓடிய யூதர்கள் 1930களின் பிற்பகுதியில் கையில் எடுத்துச் செல்ல முடிந்தது வெறும் பத்து மார்க். வீடும் சேமிப்பும் அங்கேயே தங்கிவிட்டன. பணத்தை மாற்றும் உரிமையைக் கட்டுப்படுத்துவது, மனிதனின் கால்களையே கட்டுவதாக எப்படி மாறும் என்பதற்கு அது சான்று.

இந்தியாவில் பூட்டு விழுந்தது 1939 செப்டம்பர் 3ஆம் நாள். பிரிட்டன் போரில் இறங்கிய அதே நாளில், இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் செலாவணிக் கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்தது. 1935இல் தோன்றிய ரிசர்வ் வங்கியிடம் அந்தப் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. பவுனோடு பிணைந்த நாடுகள் ஸ்டெர்லிங் வட்டாரம் எனப்பட்டன. இந்தியா ஏற்றுமதி செய்து ஈட்டிய டாலர்கள் லண்டனில் இருந்த பொதுத் தொட்டியில் போய்ச் சேர்ந்தன. போருக்கு வேண்டிய ஆயுதங்களையும் உணவையும் அமெரிக்காவில் வாங்க ஒவ்வொரு டாலரும் தேவைப்பட்டது.

இதற்கிடையே ஒரு விசித்திரம் நடந்தது. பிரிட்டன் போருக்காக இந்தியாவில் பொருள்களை வாங்கிக் குவித்தது. அவற்றுக்கு உரிய பணத்தை லண்டனில் பற்றுச்சீட்டாக எழுதி வைத்தது. அந்தச் சீட்டுகளை ஈடாகக் காட்டி இங்கே ரூபாய் நோட்டுகள் அச்சாயின. பொருள் போயிற்று, நோட்டு பெருகிற்று, விலைவாசி ஏறிற்று. 1946 மார்ச் மாதத்தில் இந்தியாவுக்கு லண்டனில் இருந்த ஸ்டெர்லிங் இருப்பு ஏறத்தாழ 1,733 கோடி ரூபாய். கடனாளி நாடாக இருந்த இந்தியா கடன் கொடுத்த நாடாயிற்று. ஆனால் அது வங்காளப் பஞ்சத்தைக் கண்ட மக்களின் வயிற்றில் கட்டிய சேமிப்பு.

போர் முடிந்ததும் பூட்டு திறக்கப்பட்டதா? இல்லை. 1947 மார்ச் 25ஆம் நாள் அன்னியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. போர்க்கால விதி, நாட்டின் நிலையான சட்டமாயிற்று.

ஏரி வற்றிய கதை

விடுதலை பெற்ற இந்தியா ஐந்தாண்டுத் திட்டங்களைத் தொடங்கியது. 1956இல் தொடங்கிய இரண்டாம் திட்டம் கனரகத் தொழில்களை நம்பியது. பிலாய், ரூர்கேலா, துர்காப்பூர் ஆகிய மூன்று உருக்காலைகளுக்கும் இயந்திரங்கள் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். தானியமும் வர வேண்டும். போர்க்காலத்தில் சேர்ந்த ஸ்டெர்லிங் இருப்பு, கோடைக் கால ஏரிபோல் இறங்கியது.

எவ்வளவு வேகமாக இறங்கியது என்பதை ஒரு சட்டத் திருத்தத்திலிருந்தே அறியலாம். நோட்டு அச்சிடுவதற்கு ஈடாக ரிசர்வ் வங்கி குறைந்தது 400 கோடி ரூபாய்க்கு அன்னியப் பத்திரங்களும் 115 கோடி ரூபாய்க்குத் தங்கமும் வைத்திருக்க வேண்டும் என்று 1956இல் விதித்தார்கள். மறு ஆண்டே அந்த விதியைக் காப்பாற்ற முடியவில்லை. 1957இல் தங்கமும் பத்திரமும் சேர்ந்து 200 கோடி இருந்தால் போதும் என்று திருத்தினார்கள். அதிலும் 115 கோடி தங்கம். அதாவது, பத்திரம் 85 கோடிக்கு இறங்கினாலும் பரவாயில்லை என்றாயிற்று. 1958 ஆகஸ்டில் உலக வங்கி, கடன் கொடுக்கும் நாடுகளைக் கூட்டி இந்தியாவுக்கு உதவி திரட்டியது.

ஏரி வற்றும்போது எந்த மதகை முதலில் அடைப்பார்கள்? உருக்காலையையா, உணவையா, உல்லாசப் பயணத்தையா? விடை உங்களுக்கே தெரியும்.

ஒரு நாட்டில் மட்டும் செல்லும் நோட்டு

இக்காலத்தில் நடந்த ஒரு சுவையான நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். குவைத், பஹ்ரைன், கத்தார் முதலிய பாரசீக வளைகுடாப் பகுதிகளில் அப்போது இந்திய ரூபாயே செலாவணி. அங்கே சேரும் ரூபாய் நோட்டுகளை வங்கிகள் திருப்பிக் கொடுத்தால், ரிசர்வ் வங்கி அவற்றுக்கு ஸ்டெர்லிங் தர வேண்டும். கடத்தல்காரர்கள் இதைக் கண்டுகொண்டார்கள். வளைகுடாவிலிருந்து தங்கத்தைக் கள்ளத்தோணியில் இந்தியாவுக்குக் கொண்டுவந்து விற்பது. கிடைத்த ரூபாய் நோட்டுகளை அங்கே எடுத்துச் சென்று ஸ்டெர்லிங்காக மாற்றுவது. அதைக் கொண்டு மீண்டும் தங்கம் வாங்குவது. ஏரியின் அடியில் விழுந்த ஓட்டை இது.

1959இல் ஓட்டையை அடைத்தார்கள். வளைகுடாவில் மட்டும் செல்லும் தனி நோட்டுகளை ரிசர்வ் வங்கி வேறு நிறத்தில் அச்சிட்டது. இந்தியாவில் அவை செல்லா; இந்திய நோட்டு அங்கே செல்லாது. அதே ஆண்டில் மெக்கா செல்லும் பயணிகளுக்காக ஹஜ் நோட்டுகள் வந்தன. பத்து ரூபாய், நூறு ரூபாய் என இரு வகை. எண்ணுக்கு முன் 'எச்.ஏ.' என்ற எழுத்துகள் இருக்கும். சவுதி அரேபியாவில் அவற்றைக் கொடுத்து ரியால் வாங்கிக்கொள்ளலாம். வேறெங்கும் அவை செல்லா. யாத்திரிகரும் போய் வரலாம், கடத்தல்காரருக்கும் பயன்படாது. கட்டுப்பாட்டை அறிவோடு கையாண்டால் மனிதனின் தேவையையும் நிறைவேற்றலாம் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது.

ஏழரை ரூபாயும் எட்டு டாலரும்

1965இல் பாகிஸ்தானுடன் போர். மழையும் பொய்த்தது. 1966 ஜூன் 6ஆம் நாள் ரூபாயின் மதிப்புக் குறைக்கப்பட்டது. 4 ரூபாய் 76 காசாக இருந்த டாலர் 7 ரூபாய் 50 காசாயிற்று. மதிப்பு 36.5 விழுக்காடு குறைந்தது என்று செய்தித்தாள்கள் எழுதின. டாலர் விலை 57.5 விழுக்காடு ஏறியது என்றும் சொல்லலாம். இரண்டும் சரியே. எப்படி என்று நீங்களே ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். ஒன்றில் ரூபாயிலிருந்தும் மற்றொன்றில் டாலரிலிருந்தும் கணக்குத் தொடங்குகிறது. பல்கலைக்கழகச் செலவுக்கு 2,000 டாலர் தேவைப்பட்ட மாணவனின் குடும்பத்துக்கு ஜூன் 5 வரை 9,520 ரூபாய். ஜூன் 6 முதல் 15,000 ரூபாய். ஒரே இரவில் 5,480 ரூபாய் கூடிவிட்டது.

அதைக் கொடுக்க ஆயத்தமாக இருந்தாலும் அனுமதி வேண்டும். அக்காலத்தில் விமானச் சீட்டு வாங்கவே 'பி' படிவம் என்ற ஒன்றை நிரப்பி ரிசர்வ் வங்கியின் ஒப்புதல் பெற வேண்டும். சீட்டுக்கு ரூபாயில்தானே பணம் கட்டுகிறோம், அதற்கு ஏன் அனுமதி? சிந்தித்துப் பாருங்கள். வெளிநாட்டு விமானக் கம்பெனி தான் வாங்கிய ரூபாயை இங்கேயே வைத்துக்கொண்டு என்ன செய்யும்? அதைத் தன் நாட்டு நாணயமாக மாற்றிக் கொண்டு போகும். ஆகவே நீங்கள் ரூபாயில் வாங்கிய சீட்டும் ஏரியிலிருந்து ஒரு குடம் நீரை எடுக்கிறது.

அமெரிக்கப் பல்கலைக்கழகம் உதவித்தொகை தந்தால் மாணவனுக்கு இந்தியாவின் டாலர் தேவையில்லை. விமான நிலையத்திலிருந்து பல்கலைக்கழகம் போய்ச் சேரக் கைச்செலவுக்குத்தான் வேண்டும். எட்டு டாலரின் பின்னால் இருந்த கணக்கு இதுதான். வங்கி தந்த தொகை கடவுச்சீட்டின் பக்கத்தில் முத்திரையிட்டுக் குறிக்கப்பட்டது. இரண்டாவது வங்கியில் மறுபடி வாங்க முடியாது. உதவித்தொகை கிடைக்காதவன், தகப்பனாரிடம் பணம் இருந்தும், தன் படிப்பு நாட்டுக்கு இன்றியமையாதது என்று அதிகாரிகளிடம் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது.

இந்தியாவுக்கு மட்டுமே இந்த அவலம் என்று எண்ண வேண்டாம். ஒரு காலத்தில் உலகத்தின் வங்கியாக இருந்த பிரிட்டன், அதே 1966இல் தன் குடிமக்கள் ஸ்டெர்லிங் வட்டாரத்துக்கு வெளியே உல்லாசப் பயணம் போக ஆண்டுக்கு 50 பவுன் மட்டும் அனுமதித்தது. அவர்கள் கடவுச்சீட்டின் பின்பக்கத்திலும் வாங்கிய தொகையைக் குறித்தார்கள். 1970இல்தான் அந்த வரம்பு தளர்ந்தது. பிரிட்டன் செலாவணிக் கட்டுப்பாட்டை முழுவதும் கைவிட்டது 1979 அக்டோபரில்.

அறிவியல் உலகமும் இதனால் இடர்ப்பட்டது. டாலர் இல்லாத நாட்டு ஆசிரியர் அமெரிக்க நூல் ஒன்றை எப்படி வாங்குவது? இதற்கு யுனெஸ்கோ 1948இல் புத்தகக் கூப்பன் திட்டம் தொடங்கியது. வாங்குபவர் தம் நாட்டு நாணயத்தில் கூப்பன் வாங்கி வெளிநாட்டு நூல் விற்பனையாளருக்கு அனுப்புவார். அவர் அதை யுனெஸ்கோவிடம் கொடுத்துத் தம் நாட்டு நாணயத்தைப் பெற்றுக்கொள்வார். பின்னர் அறிவியல் கருவிகளுக்கும் இம்முறை விரிந்தது. இந்தியா உட்படப் பல நாடுகளின் நூலகங்கள் இதனால் பயன் பெற்றன.

பூட்டின் மறுபக்கம்

இப்போது ஒரு கேள்வியை நேருக்கு நேர் பார்ப்போம். எட்டு டாலர் விதி நியாயமா?

ஏரியில் நீர் இல்லை என்பது உண்மை. உள்ள நீரைக் குடிதண்ணீருக்கு ஒதுக்கிவிட்டு நீச்சல் குளத்துக்கு மறுப்பதில் தவறில்லை. ஆனால் நீர் குறைந்ததற்குக் காரணம் வானம் மட்டுமா? டாலரின் அரசாங்க விலையைச் சந்தை விலையைவிடக் குறைவாக வைத்தால் என்ன ஆகும்? ஏற்றுமதி செய்பவருக்குக் கிடைக்கும் ரூபாய் குறைவு. ஆகவே ஊக்கம் குறையும், வரத்து குறையும். இறக்குமதி செய்பவருக்கு டாலர் மலிவு. ஆகவே கேட்போர் கூடுவர். விலை தாழ்ந்திருந்தால் வரிசை நீளும். வரிசை நீண்டால் வரிசையில் நிற்காமல் பின்வாசல் வழியே போகிறவர்களும் தோன்றுவார்கள்.

அப்படித்தான் ஆயிற்று. செல்வாக்குள்ளவருக்கு அனுமதி எளிது. மற்றவருக்குக் கள்ளச் சந்தை. பழைய உண்டியல் முறை சட்டத்துக்குப் புறம்பான ஹவாலாவாக உருமாறியது. வெளிநாட்டில் ஒருவரிடம் டாலர் கொடுத்தால், அவருடைய கூட்டாளி இங்கே ரூபாய் கொடுப்பார். டாலர் ஏரிக்கு வராமலே கரையில் கைமாறிவிடும். அரசு கடுமையைக் கூட்டியது. 1973ஆம் ஆண்டின் புதிய அன்னியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம் 1974 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. 1974இல் கடத்தலைத் தடுக்க விசாரணையின்றிக் காவலில் வைக்கும் சட்டமும் வந்தது. பெருங்கடத்தல்காரர்களைக் குறிவைத்த சட்டங்களின் நிழலில், பழைய பயணத்தில் மிஞ்சிய சில டாலர் நோட்டுகளைப் பெட்டியில் வைத்திருந்தவரும் அஞ்ச வேண்டியதாயிற்று.

வளைகுடாவிலிருந்து வந்த வெள்ளமும் வறட்சியும்

1973இல் எண்ணெய் விலை பன்மடங்கு ஏறியது. இந்தியாவின் ஏரியில் மதகு ஒன்று அகலமாயிற்று. ஆனால் அதே எண்ணெய்ப் பணம் வளைகுடா நாடுகளில் கட்டடங்களாகவும் சாலைகளாகவும் எழுந்தபோது, கேரளத்திலிருந்தும் தமிழகத்திலிருந்தும் மற்ற மாநிலங்களிலிருந்தும் கொத்தனார்களும் தச்சர்களும் ஓட்டுநர்களும் செவிலியரும் அங்கே சென்றார்கள். அவர்கள் வீட்டுக்கு அனுப்பிய பணம் ஏரிக்குப் புது வாய்க்காலாயிற்று. நகரத்தில் ஒருவர் வங்கி முகப்பில் நின்று டாலர் வாங்கும்போது, அது எங்கோ பாலைவன வெயிலில் ஒரு கொத்தனார் ஈட்டியது என்பதை நினைப்பவர் எத்தனை பேர்?

1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்தைப் பிடித்தது. எண்ணெய் விலை ஏறியது. குவைத்திலும் ஈராக்கிலும் இருந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் விமானங்களில் மீட்கப்பட்டார்கள். அவர்கள் அனுப்பி வந்த பணம் நின்றது. வெளிநாட்டு இந்தியர் போட்டு வைத்திருந்த வைப்புகள் வெளியேறின. புதுக் கடன் கொடுக்க யாரும் முன்வரவில்லை. 1991ஆம் ஆண்டின் நடுவில் அன்னியச் செலாவணி இருப்பு ஏறத்தாழ 110 கோடி டாலர். இரண்டு மூன்று வார இறக்குமதிக்கு மேல் தாங்காது.

அடகுக் கடைக்குப் போகும் குடும்பத்தைப் போல நாடும் தங்கத்தை எடுத்தது. 1991 மே மாதம் 20 டன் தங்கம், திரும்ப வாங்கும் உரிமையுடன் விற்கப்பட்டது. ஜூலையில் ரிசர்வ் வங்கி ஏறத்தாழ 47 டன் தங்கத்தை ஈடாக வைத்து இங்கிலாந்து, ஜப்பான் மைய வங்கிகளிடம் சுமார் 40 கோடி டாலர் கடன் பெற்றது. பெட்டகத்தில் இருந்த தங்கம் மெய்யாகவே விமானம் ஏறியது. ஜூலை 1, 3 ஆகிய இரு நாள்களில் ரூபாயின் மதிப்பு இரு படிகளாகக் குறைக்கப்பட்டது. 21 ரூபாய் அளவில் இருந்த டாலர் 26 ரூபாயை ஒட்டியது.

மதகு திறந்தது

நெருக்கடி பழைய முறையை அசைத்தது. 1992 மார்ச்சில் இரட்டை மாற்று வீதம் வந்தது. ஏற்றுமதியாளர் ஈட்டிய டாலரில் 40 விழுக்காட்டை அரசாங்க விலைக்கும், 60 விழுக்காட்டைச் சந்தை விலைக்கும் விற்கலாம். 1993 மார்ச்சில் இரண்டும் ஒன்றாகிச் சந்தை விலையே நிலைத்தது. டாலருக்கு உரிய விலை கிடைத்ததும் வரத்து கூடியது. கள்ளச் சந்தையின் ஆதாயம் சுருங்கியது. 1994 ஆகஸ்டில், படிப்பு, பயணம், வணிகம் போன்ற நடப்புச் செலவுகளுக்கு ரூபாயை மாற்றிக்கொள்ளத் தடையில்லை என்று சர்வதேச நிதியத்திடம் இந்தியா உறுதி அளித்தது.

2000 ஜூன் முதல் பழைய சட்டத்தின் இடத்தில் அன்னியச் செலாவணி மேலாண்மைச் சட்டம் வந்தது. 'ஒழுங்குமுறை' என்ற சொல் போய் 'மேலாண்மை' வந்ததைக் கவனியுங்கள். மீறல்கள் பெரும்பாலும் சிறைக் குற்றமாக அல்லாமல் அபராதக் குற்றமாயின. 2004 பிப்ரவரியில் தனியார் ஒருவர் ஆண்டுக்கு 25,000 டாலர் வரை வெளியே அனுப்பலாம் என்றார்கள். 2015 முதல் அந்த வரம்பு 2,50,000 டாலர். எட்டு டாலருடன் ஒப்பிட்டுப் பாருங்கள்: முப்பதாயிரம் மடங்குக்கு மேல்! 2024 செப்டம்பரில் இந்தியாவின் அன்னியச் செலாவணி இருப்பு 70,000 கோடி டாலரைத் தாண்டியது.

ஆயினும் மதகுக்குக் கதவு இன்னும் இருக்கிறது. 2013இல் ரூபாய் சரிந்தபோது, 2,00,000 டாலராக இருந்த அந்த வரம்பை ஆகஸ்டில் 75,000 ஆகக் குறைத்தார்கள். நீர்மட்டம் இறங்கினால் கதவும் இறங்கும்.

ஏரி வற்றினால் என்ன ஆகும் என்பதை அண்மையில் நம் அண்டை நாட்டில் கண்டோம். 2022இல் இலங்கையில் அன்னியச் செலாவணி தீர்ந்தது. அச்சுத்தாளும் மையும் வாங்க டாலர் இல்லாமல் மார்ச் மாதம் மேல் மாகாணத்தில் பள்ளித் தேர்வுகளைத் தள்ளி வைத்தார்கள். பெட்ரோலுக்கும் சமையல் எரிவாயுவுக்கும் மக்கள் நாள்கணக்கில் வரிசையில் நின்றார்கள். ஏப்ரல் 12ஆம் நாள், வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அந்நாட்டு அரசு அறிவித்தது. வெளிநாடு போக நினைத்தே பார்க்காத ஒரு சிறுமியின் கணக்குத் தேர்வு, டாலர் இல்லாததால் நடக்கவில்லை. செலாவணி என்பது பயணிகளின் கவலை மட்டுமல்ல என்பது இதனால் விளங்கும்.

உங்களுள் சிலர் நாளை மேற்படிப்புக்கோ வேலைக்கோ கடல் கடக்கலாம். வங்கியில் படிவத்தில் கையெழுத்திட்டுச் சில நிமிடங்களில் அட்டையைப் பெற்றுக்கொள்வீர்கள். அப்போது அந்தப் படிவத்தைச் சற்று நின்று படித்துப் பாருங்கள். பயணத்தின் நோக்கம் என்ன என்று அதில் ஒரு கட்டம் இருக்கும். எட்டு டாலர் காலத்து மாணவனும் அதே கேள்விக்கு விடை எழுதினான். அன்று அந்த விடையைப் படித்த அதிகாரி, ஏரியின் நீர்மட்டத்தையும் பார்த்தபின் தலையை அசைத்தார். இன்று நீங்கள் கேட்டதும் கிடைக்கிறது என்றால், இடைப்பட்ட ஆண்டுகளில் யார் யாரோ நீர் கொண்டுவந்து ஊற்றியிருக்கிறார்கள் என்று பொருள்.